டர்பனில் ஆர்.என்.ஏ.–புரத ஆய்வு தொடங்குகிறீர்களா? முதல் ஆண்டைக் காப்பாற்றும் வழிகாட்டி

டர்பனில் ஏதோ ஒரு ஆய்வகத்தில் நான்கோடிங் ஆர்.என்.ஏ. (புரதமாக மாறாத ஆர்.என்.ஏ.) பற்றி ஆனர்ஸோ மாஸ்டர்ஸோ செய்யச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் இங்கே டர்பன் சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவராக இருக்கலாம், சென்னையிலிருந்து நேராக வந்து இறங்கியவராகவும் இருக்கலாம். பாடப்புத்தகம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். அதில் இல்லாத விஷயங்கள்தான் நம் நாட்களைத் தின்கின்றன: எந்த அனுமதி முதலில் வேண்டும், எதை எப்போது ஆர்டர் போட வேண்டும், எந்தச் சோதனையை எதற்கு முன்னால் செய்ய வேண்டும். இதில் நான் நிறைய அலைந்திருக்கிறேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். புரதமாக மாறாத ஆர்.என்.ஏ.க்களில் பெரும்பாலானவை தனியாக வேலை செய்வதில்லை. செல்லுக்குள் எங்கே இருக்கிறது, எந்தப் புரதத்தோடு ஒட்டியிருக்கிறது, எத்தனை பிரதிகள் இருக்கின்றன என்ற மூன்றும் தெரியாமல் அதன் வேலையைப் பற்றிப் பேச முடியாது. கீழே உள்ள வரிசை முழுவதும் இந்த மூன்றை ஒட்டித்தான் இருக்கிறது.

1. உங்கள் ஆர்.என்.ஏ. எந்த வகை என்று முதலில் உறுதிசெய்யுங்கள்

மனித மரபணுத் தொகுதியில் புரதத்துக்கான குறியீடு 2 சதவீதம்கூட இல்லை. மீதியிலிருந்து படியெடுக்கப்படும் ஆர்.என்.ஏ.க்கள் பல வகை. எந்த வகை என்பதைப் பொறுத்து கிட் மாறும், பிரைமர் (அளவிடப் பயன்படும் சிறு டி.என்.ஏ. துண்டு) மாறும், செலவும் மாறும். அதனால்தான் இது முதல் படி.

மைக்ரோ ஆர்.என்.ஏ. சுமார் 22 நியூக்ளியோடைடு (ஆர்.என்.ஏ.யின் ஒரு எழுத்து) நீளம். ஆர்கோநாட் என்ற புரதத்துக்குள் உட்கார்ந்துகொண்டு, தனக்குப் பொருந்தும் தூது ஆர்.என்.ஏ.க்களைக் கண்டுபிடித்து அடக்கும். இலக்கைத் தேடுவதில் அதன் 2 முதல் 8 வரையிலான எழுத்துகள்தான் முக்கியம். சிறு உட்கரு ஆர்.என்.ஏ.க்கள், அதாவது யு1, யு2 போன்றவை, புரதங்களோடு சேர்ந்து ஸ்பிளைசிங், அதாவது ஆர்.என்.ஏ.யை வெட்டி ஒட்டும் வேலையைச் செய்கின்றன. 200 நியூக்ளியோடைடுக்கு மேல் நீளமானவற்றை நீள நான்கோடிங் ஆர்.என்.ஏ. என்கிறோம். அந்த எல்லையை 500க்கு உயர்த்த வேண்டும் என்றும் துறையில் பேச்சு இருக்கிறது. எக்ஸிஸ்ட் இந்த வகையில் பிரபலமானது. சுமார் 17,000 நியூக்ளியோடைடு நீளமுள்ள அது, பெண் செல்களில் ஒரு எக்ஸ் குரோமோசோமைப் போர்த்திக்கொண்டு, ஸ்பென் முதலான புரதங்களை வரவழைத்து, அந்தக் குரோமோசோமின் மரபணுக்களை அமைதியாக்குகிறது.

டர்பனில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய உதாரணம் 7எஸ்கே. சுமார் 330 நியூக்ளியோடைடு நீளமுள்ள இது உட்கருவில் ஏராளமாக இருக்கிறது. லார்ப்7 என்ற புரதம் அதைக் காக்கிறது. ஹெக்சிம்1 என்ற புரதத்தின் துணையோடு அது பி-டெஃப்பி என்ற நொதியைக் கட்டிப்போட்டு வைத்திருக்கும். மரபணுவைப் படியெடுக்கும் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் 2 தடையில்லாமல் முன்னேற அந்த நொதி வேண்டும். எச்.ஐ.வி. உள்ளே வந்ததும் அதன் டாட் புரதம் பி-டெஃப்பியை 7எஸ்கேயிடமிருந்து விடுவித்து, வைரஸ் ஆர்.என்.ஏ.யின் தொடக்கத்தில் டார் என்று ஒரு கொண்டை மடிப்பு இருக்கிறதே, அங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது. வைரஸின் படியெடுப்பு அதன் பிறகு வேகம் பிடிக்கும். நம் ஊரில் எச்.ஐ.வி. பற்றி எவ்வளவோ ஆய்வு நடக்கிறது. அந்த வைரஸின் ஆட்டமே ஒரு நான்கோடிங் ஆர்.என்.ஏ.யும் அதைச் சுற்றிய புரதங்களும் பிரிவதில்தான் சூடு பிடிக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம் அடங்குவதில்லை.

2. காசு செலவாகாத வேலையை முடித்துவிட்டு பைப்பெட்டைத் தொடுங்கள்

முதல் மாதம் கணினியோடுதான் போக வேண்டும். ஜென்கோட், ஆர்.என்.ஏ.சென்ட்ரல், மைக்ரோ ஆர்.என்.ஏ.வுக்கு மிர்பேஸ், இந்தத் தரவுத்தளங்களில் உங்கள் ஆர்.என்.ஏ.யைத் தேடுங்கள். எல்லாம் இலவசம். அதன் பெயர், வேறு பெயர்கள், எத்தனை வடிவங்கள், எந்த இழையிலிருந்து வருகிறது என்பதையெல்லாம் ஒரே பக்கத்தில் எழுதி வையுங்கள். பக்கத்து மரபணு எதிர் இழையில் மேலே படிந்து வருகிறதா என்று, மரபணுத் தொகுதியைத் திரையில் காட்டும் ஜீனோம் பிரவுசரில் கண்ணால் பாருங்கள். படிந்து வந்தால், இழை பார்த்துச் செய்யாத எந்த அளவீட்டையும் நம்ப முடியாது.

அடுத்தது என்கோட் திட்டத்தின் ஈகிளிப் தரவு. கே562, ஹெப்ஜி2 ஆகிய இரண்டு செல் வகைகளில் 150 ஆர்.என்.ஏ. பிணைப்புப் புரதங்கள் எங்கெங்கே ஒட்டுகின்றன என்ற வரைபடம் அங்கே திறந்து கிடக்கிறது. உங்கள் புரதம் அந்தப் பட்டியலில் இருந்தால் மாதக்கணக்கான வேலை மிச்சம்.

இங்கே ஒரு பொறி உண்டு. 'இந்த நீள ஆர்.என்.ஏ. மைக்ரோ ஆர்.என்.ஏ.வை உறிஞ்சிக்கொள்கிறது' என்ற கருதுகோள் கட்டுரைகளில் அளவுக்கு மீறி வருகிறது. பொருத்தம் சொல்லும் மென்பொருள் எதைக் கேட்டாலும் ஏதாவது ஒரு ஜோடியைக் காட்டத்தான் செய்யும். நீங்கள் பிரதிகளை எண்ணுங்கள். செல்லுக்குப் பத்து பிரதிகூட இல்லாத ஓர் ஆர்.என்.ஏ., ஆயிரக்கணக்கில் இருக்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ.வை எப்படி உறிஞ்சித் தீர்க்கும்? சூப்பர்வைசர் இந்தத் தலைப்பைக் கொடுத்தால், முதல் சந்திப்பிலேயே மரியாதையாக இந்தக் கேள்வியைக் கேளுங்கள். நல்ல சூப்பர்வைசர் சந்தோஷப்படுவார்.

3. காகிதங்கள்: எதற்கு எது

பலர் தடுமாறும் இடம் இது. உங்கள் மாதிரி எது என்பதைப் பொறுத்துக் காகிதம் மாறும்.

வாங்கிய செல் வரிசை (ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கப்படும் செல்கள்) மட்டும்தான் என்றால் வேலை எளிது. ஆனாலும் 'மனிதர்களிடமிருந்து மாதிரி எடுக்கவில்லை' என்று சும்மா இருந்துவிடாதீர்கள். உங்கள் நெறிமுறைக் குழுவிடம் விலக்குக் கடிதம் வேண்டுமா என்று எழுதிக் கேட்டு, பதிலைப் பத்திரமாக வையுங்கள். ஆய்வேடு கொடுக்கும் நேரத்தில் அதைத்தான் கேட்பார்கள்.

நோயாளிகளின் ரத்தம் அல்லது திசு என்றால் முழு விண்ணப்பம். ஆய்வுத் திட்டம், தகவல் தாள், ஒப்புதல் படிவம், தரவை எப்படிப் பாதுகாப்பீர்கள் என்ற விளக்கம், மருத்துவமனையின் அனுமதி எல்லாம் சேர வேண்டும். ஒப்புதல் படிவம் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் போதாது. குவாசுலு-நட்டாலில் பங்கேற்பவர்களில் பலருக்கு ஐசிசூலுதான் தாய்மொழி, அந்த மொழிபெயர்ப்பும் சேர வேண்டும். அதற்கான நாட்களைத் தனியாக ஒதுக்குங்கள். குழு பொதுவாக மாதத்துக்கு ஒருமுறைதான் கூடும். ஒரு கையெழுத்து விட்டுப்போனால் அடுத்த கூட்டம்தான். அனுமதி கிடைத்த பிறகும் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். தேதியைக் கைபேசியில் குறித்து வையுங்கள்.

மனித மாதிரியை வெளிநாட்டுக்கு, உதாரணமாக சீக்வென்சிங்குக்கு (எழுத்து வரிசையைப் படிப்பதற்கு), அனுப்புவதாக இருந்தால் 2003ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டத்தின் கீழ் ஏற்றுமதி அனுமதி வேண்டும். கூடவே மாதிரி மாற்ற ஒப்பந்தம். அதற்கான மாதிரிப் படிவத்தை அரசு 2018இல் அரசிதழில் வெளியிட்டது. இதில் இரண்டு நிறுவனங்களின் சட்டப் பிரிவுகளும் கையெழுத்திட வேண்டும் என்பதால் மெதுவாகத்தான் நகரும். முடிந்தவரை உள்நாட்டிலேயே சீக்வென்சிங் செய்யப் பாருங்கள்.

மரபணு மாற்றிய வைரஸ் வெக்டர் (செல்லுக்குள் மரபணுவைச் சுமந்து செல்லும் வைரஸ்) பயன்படுத்தினால் 1997ஆம் ஆண்டின் மரபணு மாற்ற உயிரினச் சட்டம் பொருந்தும். உங்கள் ஆய்வக அறை அதன் கீழ் பதிவு பெற்றதா என்று கேளுங்கள். கன்றுக்குட்டி சீரம், செல் வரிசை போன்ற விலங்குப் பொருட்கள் வெளிநாட்டிலிருந்து வந்தால் கால்நடைத் துறையின் இறக்குமதி அனுமதி வேண்டும். பெரும்பாலும் விற்பவரே அதைப் பார்த்துக்கொள்வார். இன்னொரு ஆய்வகம் அன்பளிப்பாக அனுப்பும் செல்லுக்கு அந்தப் பொறுப்பு உங்கள் தலையில்தான்.

4. ஆர்டர் போடுவது: காசும் காலமும்

நம் வேதிப்பொருட்களில் பெரும்பகுதி டாலரிலும் யூரோவிலும் விலை போடப்பட்டு, ரேண்டில் மாற்றப்பட்டு, 15 சதவீத வாட் வரியோடு நம்மிடம் வரும். கொட்டேஷன் பொதுவாக 30 நாள்தான் செல்லும். பல்கலைக்கழகத்தின் ஒப்புதல் அதைத் தாண்டிப் போனால் புதிய விலை. வாட் சேர்த்த விலையா, கூரியர் கட்டணம் உண்டா, குளிர்பெட்டிக்குத் தனிக் காசா என்று மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். ஒரே ஒரு விற்பனையாளரிடம் மட்டும் கிடைக்கும் பொருளென்றால் அதற்கான கடிதத்தையும் அவர்களிடமே முதல் நாளே வாங்கிவிடுங்கள். கொள்முதல் பிரிவு எப்படியும் கேட்கும்.

உள்ளூர்க் கையிருப்பில் இல்லாத ஆன்டிபாடி (குறிப்பிட்ட புரதத்தைப் பிடிக்கும் பொருள்) வர ஆறு முதல் எட்டு வாரம் ஆகும் என்று வைத்துத் திட்டமிடுங்கள். வெளிநாட்டுப் பார்சல்கள் பெரும்பாலும் ஜோகன்னஸ்பர்க்கில் இறங்கி, சுங்கம் தாண்டித்தான் டர்பனுக்கு வருகின்றன. எனக்கு வந்த ஒரு நொதிப் பெட்டி வார இறுதி முழுக்க அங்கேயே நின்றது. திறந்தபோது ட்ரை ஐஸ் துளிகூட இல்லை, குழாய்கள் அறைச் சூட்டில் வியர்த்துக் கிடந்தன. அதிலிருந்து நான் கேட்காமல் விடாத இரண்டு: திங்கள் அல்லது செவ்வாய் வந்து சேரும்படி அனுப்புவீர்களா? வழியில் ட்ரை ஐஸ் நிரப்புவீர்களா? பெட்டி வந்த உடனே திறந்து படம் எடுங்கள். படம் இல்லாமல் மாற்றுப் பொருள் கிடைப்பது கஷ்டம்.

டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முதல் வாரம் கடக்கும்வரை ஊரே மூடிக்கிடக்கும். அக்டோபருக்குள் ஆர்டர் போகாவிட்டால் பிப்ரவரிக் கணக்குதான். ஈஸ்டரும் அப்படியே. புனித வெள்ளித் தீமிதிக்குப் போகிறவர்கள் அந்த வாரத்தில் செல்களை வளர்க்க ஆரம்பிக்காதீர்கள். உறையவைத்துவிட்டு நிம்மதியாகக் கோயிலுக்குப் போங்கள்.

மின்வெட்டு முன்போல் தினசரி இல்லை என்றாலும் திடீரென்று போகத்தான் செய்கிறது. மைனஸ் 80 ஃப்ரீசருக்கு ஜெனரேட்டர் இணைப்பு உண்டா, எச்சரிக்கை மணி யாருடைய கைபேசிக்குப் போகும் என்று முதல் வாரமே கேளுங்கள். ஒவ்வொரு மாதிரியையும் இரண்டாகப் பிரித்து இரண்டு ஃப்ரீசரில் வையுங்கள்.

5. ஆர்.என்.ஏ. எடுப்பது

ஆர்.என்.ஏ.யைக் கரைக்கும் ஆர்.என்.ஏஸ் நொதி நம் தோலிலேயே இருக்கிறது. ஆட்டோகிளேவ் செய்தாலும் முழுதாகச் சாகாது. அதனால் ஆர்.என்.ஏ. வேலைக்கென்று ஒரு மூலை, ஒரு பைப்பெட் தொகுதி, வடிகட்டி வைத்த டிப். கையுறையைப் போட்டுக்கொண்டு கைபேசியை எடுத்தால் அந்தக் கையுறை போய்விட்டது, மாற்றுங்கள். காவடி விரதத்துக்குக் கையில் காப்புக் கட்டியிருப்பவர்கள் அதைக் கழற்ற வேண்டியதில்லை. நீளக் கையுறையைக் காப்புக்கு மேல் ஏற்றி இழுத்துவிட்டு, அதன்மேல் இன்னொன்று போட்டுக்கொண்டால் போதும்.

தண்ணீரை, ஆர்.என்.ஏஸைச் செயலிழக்கச் செய்யும் டெப்சி வேதிப்பொருள் கலந்து இரவு முழுக்க வைத்து ஆட்டோகிளேவ் செய்யலாம். டிரிஸ் பஃபரில் மட்டும் டெப்சி போடாதீர்கள், அது டிரிஸோடு வினைபுரிந்து வீணாகிவிடும். சுத்தம் செய்த தண்ணீரில் டிரிஸைக் கரைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த பொறி கிட். வடிகட்டிக் குழாய் (column) வைத்த சாதாரண கிட்டுகள் 200 நியூக்ளியோடைடுக்குக் கீழுள்ளவற்றைக் கழுவித் தள்ளிவிடும். மைக்ரோ ஆர்.என்.ஏ. தேடுபவர் அந்தக் கிட்டை வாங்கினால் தேடும் பொருளையே சிங்க்கில் ஊற்றிவிடுகிறார். அட்டையில் 'சிறு ஆர்.என்.ஏ. உட்பட' என்று இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் ஃபீனால் கலந்த ட்ரைஜால் திரவ முறைக்குப் போங்கள். ட்ரைஜாலில் மேலே நிற்கும் தெளிந்த அடுக்கைக் கடைசிச் சொட்டுவரை உறிஞ்ச ஆசைப்படாதீர்கள். கொஞ்சம் விட்டுவிட்டால் ஃபீனால் கலக்காது. கடைசியில் வீழ்படிவைக் காய்ந்து கண்ணாடியாகும்வரை விடாதீர்கள், பிறகு கரையவே கரையாது.

ஒளி உறிஞ்சலை அளக்கும் நானோடிராப் கருவியில் 260/280 விகிதம் 2.0 பக்கமும், 260/230 விகிதம் 2.0க்கு மேலும் இருந்தால் நல்லது. சீக்வென்சிங்குக்குப் போகும் மாதிரிக்கு ரின் மதிப்பு (ஆர்.என்.ஏ. எவ்வளவு சிதையாமல் இருக்கிறது என்ற மதிப்பெண்) 7க்குக் குறையக் கூடாது, 8 இருந்தால் இன்னும் நிம்மதி. டி.என்.ஏ.வைக் கரைக்கும் டிஎன்ஏஸ் நொதியைக் கட்டாயம் போடுங்கள். ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் (ஆர்.என்.ஏ.யை டி.என்.ஏ.வாகப் படியெடுக்கும் நொதி) போடாத கன்ட்ரோல் ஒன்றையும் எப்போதும் ஓட்டுங்கள். பல நீள ஆர்.என்.ஏ.க்களில் ஸ்பிளைசிங்கில் வெட்டி எறியப்படும் இன்ட்ரானே இருக்காது என்பதால் கலந்திருக்கும் டி.என்.ஏ. அப்படியே உங்கள் சிக்னலாக வேஷம் போடும்.

6. எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

இது இரண்டு நாள் வேலை, செலவும் குறைவு. செல்லை உட்கரு, சைட்டோபிளாசம் என்று பிரித்து இரண்டிலும் அளவிடுங்கள். உட்கருவுக்கு அடையாளமாக மாலட்1, சைட்டோபிளாசத்துக்கு கேப்டிஎச் தூது ஆர்.என்.ஏ. உங்கள் ஆர்.என்.ஏ. உட்கருவில், நீங்கள் சந்தேகப்படும் புரதம் சைட்டோபிளாசத்தில் என்று வந்தால், ஆன்டிபாடி வாங்கும் முன்பே கதை தெரிந்துவிடுகிறது. இதைத் தாண்டிக் குதிப்பவர்கள் நிறையப் பேர். தயவுசெய்து குதிக்காதீர்கள்.

7. புரதத்தோடு பிடிப்பது: முதலில் ரிப், பிறகுதான் கிளிப்

ரிப் என்பது புரதத்தை ஆன்டிபாடியால் பிடித்து, கூடவே வரும் ஆர்.என்.ஏ.யை அளப்பது. ஒரு குழாய்க்கு 1 கோடி செல்லாவது வைத்துக்கொள்ளுங்கள், ஆன்டிபாடி 5 மைக்ரோகிராமிலிருந்து தொடங்குங்கள். வாங்கும் முன் அந்த ஆன்டிபாடி இம்யூனோபிரெசிபிடேஷனுக்கு, அதாவது இப்படிப் புரதத்தைப் பிடித்தெடுப்பதற்கு, சோதிக்கப்பட்டதா என்று பாருங்கள். வெஸ்டர்ன் பிளாட்டுக்கு (புரதம் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) நன்றாக வேலை செய்வது இதற்குச் செய்ய வேண்டும் என்று கட்டாயமில்லை, அங்கே புரதம் விரிந்து கிடக்கும், இங்கே மடிந்து இருக்கும்.

மூன்று கன்ட்ரோல் இல்லாமல் தொடங்க வேண்டாம். ஒன்று, அதே விலங்கின் சாதாரண ஐஜிஜி (நம் புரதத்தைக் குறிவைக்காத ஆன்டிபாடி). இரண்டு, ஆன்டிபாடி சேர்க்கும் முன் எடுத்து வைத்த 10 சதவீத இன்புட் (மூல மாதிரி). மூன்று, கட்டாயம் வேலை செய்ய வேண்டிய ஒரு ஜோடி: யு1-70கே புரதமும் யு1 ஆர்.என்.ஏ.வும் வழக்கமான தேர்வு, எச்.ஐ.வி. ஆய்வகமென்றால் லார்ப்7, 7எஸ்கே ஜோடி அழகாகப் பொருந்தும். அந்த ஜோடி வராத நாளில் உங்கள் ஆர்.என்.ஏ. வந்தாலும் வராவிட்டாலும் அர்த்தமில்லை. பிடித்ததில் ஒரு பங்கை வெஸ்டர்ன் பிளாட்டில் ஓட்டி, புரதம் உண்மையில் பிடிபட்டதா என்றும் பாருங்கள். எல்லாம் பனிக்கட்டிமேல், ஆர்.என்.ஏஸ் தடுப்பான் போட்ட பஃபரில். தடுப்பான் விலை அதிகம்தான், அதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

ரிப்பின் பலவீனத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். செல்லை உடைத்த பிறகு, உயிருள்ள செல்லில் சந்தித்தே இராத ஆர்.என்.ஏ.வும் புரதமும் குழாய்க்குள் ஒட்டிக்கொள்ளலாம். நேரடியாகத் தொடுகிறதா, நடுவில் இன்னொரு புரதம் இருக்கிறதா என்பதும் தெரியாது. இந்தக் கேள்விகளுக்குத்தான் கிளிப்.

கிளிப்பில் செல் உயிரோடு இருக்கும்போதே 254 நானோமீட்டர் புற ஊதா ஒளி பாய்ச்சி, தொட்டுக்கொண்டிருக்கும் ஆர்.என்.ஏ.யையும் புரதத்தையும் நிரந்தரமாகப் பிணைக்கிறோம். மீடியத்தை எடுத்துவிட்டு, குளிர்ந்த பிபிஎஸ் உப்புக் கரைசலை மெல்லிய படலமாக மட்டும் விட்டு, தட்டைப் பனிக்கட்டிமேல் வையுங்கள். தட்டின் மூடியைத் திறந்துவிட வேண்டும். பிளாஸ்டிக் 254 நானோமீட்டர் ஒளியை விடாது. மூடியோடு வைத்தால் விளக்கு எரியும், எண் ஓடும், பிணைப்பு மட்டும் நடக்காது. கண்ணுக்கு எதுவும் தெரியாததால் இதைக் கண்டுபிடிக்க வாரங்கள் ஆகும். ஒளி பாய்ச்சாத தட்டு ஒன்றையும் கூடவே கொண்டுபோங்கள்.

பிணைப்பு நடப்பது சில சதவீதம்தான், அதனால் செல் நிறைய வேண்டும். இரட்டை இழையாக மடிந்த பகுதிகளைத் தொடும் புரதங்களை இந்த ஒளி சரியாகப் பிடிக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். பழைய முறையில் கதிரியக்க பாஸ்பரஸ் வேண்டும், அதற்குத் தனி அனுமதியும் பயிற்சியும் தேவை. ஈகிளிப் முறையில் அது கட்டாயமில்லை. ஓராண்டு ஆனர்ஸ் மாணவருக்கு நான் கிளிப்பைப் பரிந்துரைக்கவே மாட்டேன். நன்றாகச் செய்த ரிப்பும் இடம் பார்த்த சோதனையும் போதும். மாஸ்டர்ஸில் முதல் ஆண்டு ரிப் நிலைபெற்ற பிறகு கிளிப்பை யோசிக்கலாம்.

8. சீக்வென்சிங் அனுப்புவது

செலவு கூடும் இடம் இதுதான், ஆகவே மாதிரி அனுப்பும் முன் நூலகத் தயாரிப்பு (கருவி படிக்க ஏற்றபடி ஆர்.என்.ஏ.யைத் தயார்செய்வது) முறையைக் கேளுங்கள். மொத்த ஆர்.என்.ஏ.யில் 80 சதவீதத்துக்கும் மேல் ரைபோசோம் ஆர்.என்.ஏ.தான். அதை நீக்க இரண்டு வழி: பாலி ஏ வால் (முனையில் வரும் ஏ எழுத்துகளின் தொடர்) உள்ளவற்றை மட்டும் எடுப்பது, அல்லது ரைபோசோம் ஆர்.என்.ஏ.யை மட்டும் கழிப்பது. முதலாவது மலிவு. ஆனால் 7எஸ்கே போன்ற பல நான்கோடிங் ஆர்.என்.ஏ.க்களுக்கு அந்த வாலே கிடையாது, தரவில் அவை காணாமல் போகும். 'ரைபோசோம் கழிப்பு, இழை அடையாளத்தோடு' என்று கொட்டேஷனிலேயே எழுதச் சொல்லுங்கள். மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கு நூலகமே தனி. பணம் குறைவென்றால் ஆழத்தை (ஒரு மாதிரியில் எத்தனை துண்டுகளைப் படிப்பது என்பதை) குறையுங்கள், மாதிரி எண்ணிக்கையை மூன்றுக்குக் கீழே கொண்டுவராதீர்கள்.

தரவு வந்த பிறகு மடிக்கணினியோடு மல்லுக்கட்ட வேண்டாம். கேப் டவுனில் இருக்கும் உயர்திறன் கணினி மையத்தின் லெங்காவ் கணினியைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பயன்படுத்தலாம். விண்ணப்பம் உங்கள் சூப்பர்வைசர் பெயரில் போக வேண்டும், அதனால் மாதிரி அனுப்பும் அன்றே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

9. அடக்கிப் பார்ப்பது

ஒட்டுகிறது என்பதாலேயே அதற்கு வேலை இருக்கிறது என்று ஆகாது. ஆர்.என்.ஏ.யைக் குறைத்துவிட்டு என்ன மாறுகிறது என்று பாருங்கள். சைட்டோபிளாசத்தில் இருந்தால் எஸ்ஐ ஆர்.என்.ஏ. (இலக்கை அழிக்கச் செய்யும் சிறு இரட்டை இழை ஆர்.என்.ஏ.) சரி. உட்கருவில் இருந்தால் ஆன்டிசென்ஸ் கேப்மர் (இலக்கோடு பொருந்தி ஒட்டும் செயற்கைத் துண்டு) நன்றாக வேலை செய்யும், அது ஆர்.என்.ஏஸ் எச் நொதியைக் கொண்டு அங்கேயே வெட்டுகிறது. எதுவானாலும் ஒரே ஆர்.என்.ஏ.யின் வெவ்வேறு இடங்களைத் தாக்கும் இரண்டு வெவ்வேறு துண்டுகளாவது வாங்குங்கள். இரண்டிலும் ஒரே விளைவு வந்தால்தான் அதை எழுத முடியும். ஆறாவது படியை முடித்திருந்தால் இதில் எதை வாங்குவது என்று முன்பே தெரிந்திருக்கும், இரண்டு முறை காசு போகாது.

கடைசியாக, தேதிகள். ஓராண்டு ஆனர்ஸ் என்றால் காகிதங்களையும் முதல் ஆர்டரையும் பிப்ரவரியிலேயே அனுப்புங்கள், மார்ச்சில் ஆர்.என்.ஏ. செல்லில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள், ரிப்பின் மூன்று முழுச் சுற்றையும் ஆகஸ்டுக்குள் முடியுங்கள். அடுத்த ஆண்டுக்கான தேசிய ஆராய்ச்சி நிறுவனத்தின் உதவித்தொகை விண்ணப்பம் முந்தைய ஆண்டிலேயே மூடிவிடும். பல்கலைக்கழகத்தின் உள் கெடு அதற்கும் முன்னால் வரும், ரிப் ஓடிக்கொண்டிருக்கும் அந்த நடு ஆண்டிலேயே அதற்கும் ஒரு வாரம் ஒதுக்கி வையுங்கள்.